புதுப்பிப்பு: ஜிமிக்கியில் தெரிந்த என் கை

போன வாரம் கேட்டிருந்தேனே, அம்மாவின் தங்க ஜிமிக்கியைப் போனில் படம் எடுத்தால் அதன் குடை முழுக்கக் கருப்புத் திட்டு, நடுவே என் கை என்று. பலரும் இன்னொரு லைட் போடச் சொன்னீர்கள். போட்டேன், இன்னும் மோசமானது.

வெளிச்சம் போதாததல்ல சிக்கல். பளபளக்கும் தங்கம் கண்ணாடி மாதிரி, சுற்றியிருப்பதைத்தான் காட்டும். அதனால் ஜிமிக்கியைச் சுற்றி டிரேசிங் பேப்பரை உருளையாக நிறுத்தி, லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, விளக்கை வெளியே ஓரடி தள்ளி வைத்தேன். திட்டுகள் போயின. ஆனால் தங்கம் மெழுகு பூசியதுபோல் மொழுக்கென்று ஆகிவிட்டது! ஒரு விரல் அகலக் கருப்புத் தாளை உள்ளே ஓரமாக ஒட்டியதும் குடையின் வளைவு திரும்பி வந்தது.

அப்புறம் கெம்புக் கல். அந்த மென்மையான ஒளியில் செத்துக் கிடந்தது. சின்ன டார்ச்சை மேலிருந்து காட்டியபின்தான் உயிர் வந்தது.

அறை டியூப்லைட்டை மறக்காமல் அணையுங்கள். மஞ்சள் பல்போடு அது கலந்தால் ஒரு பக்கம் சரியாகும், மறுபக்கம் நிறம் கெடும்.

ஃபேனையும் நிறுத்தியாயிற்று. தொங்கும் முத்து மட்டும் இன்னும் ஆடுகிறது. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.