சிமியன் மலை நடை: கீச் ஊரைக் காலி செய்தது சரியா?

மலைக்கிறுக்கன்:
எத்தியோப்பியாவின் சிமியன் தேசியப் பூங்காவில் நான் நாலு நாள் நடந்தது 2019 அக்டோபரில். நேற்று பழைய படங்களைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது.

பூங்காவுக்கு வெளியே உள்ள டெபார்க் நகரத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி, துப்பாக்கிக் காவலர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினோம். (காவலர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எங்களவர் ரப்பர் செருப்போடு எங்களைவிட வேகமாக ஏறினார்.) முதல் இரவு சங்காபரில், 3,250 மீட்டர் உயரம். மறுநாள் ஜின்பார் அருவியைப் பார்த்துவிட்டு, ஆற்றைக் கடந்து கீச் மேட்டுக்கு ஏறினோம். அங்கே உழவு நின்று புல் ஏறிக் கிடந்தது பார்லி வயல். 2016-ல் கீச் ஊரிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை டெபார்க்குக்கு மாற்றிவிட்டார்களாம். அடுத்த வருடமே யுனெஸ்கோ இந்தப் பூங்காவை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. நான் வாயைப் பிளந்து பார்த்த காட்சிக்காக யாரோ வீட்டை விட்டிருக்கிறார்கள். இது நியாயமா?

வாலியா_ரசிகன்:
நியாயம்தான். 1996-ல் எதற்காக அந்தப் பட்டியலில் போட்டார்கள்? வாலியா காட்டாடு குறைந்துகொண்டே வந்தது, மேய்ச்சலும் உழவும் பூங்காவைத் தின்றுகொண்டிருந்தன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஆடு அது. ஆயிரம் கால்நடை மேயும் மேட்டில் ஓநாய்க்கு எலி மிஞ்சாது, கெலாடா குரங்குக்குப் புல் மிஞ்சாது. சம்மதம் கேட்டு, இழப்பீடு கொடுத்துத்தான் மாற்றினார்கள்.

மலைக்கிறுக்கன்:
சம்மதமா? கையில் பணத்தை வைத்துக்கொண்டு அரசாங்கம் வந்து நின்றால் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அதே பூங்காவுக்குள் 3,260 மீட்டரில் சொகுசு விடுதி நிற்கிறது, பூங்காவை ஊடறுத்து லாரி போகிறது. பார்லி போட்டவர்கள்தான் இடைஞ்சலா?

கட்டுச்சோறு:
ஐயா, சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. கீச்சில் தண்ணீர் கிடைக்குமா, ராத்திரி குளிர் எப்படி?

மலைக்கிறுக்கன்:
கிடைக்கும், கொதிக்க வைத்துக் குடியுங்கள். விடியும்போது கூடாரத்தின் மேல் உறைபனி. காலை உணவை விட்டாலும் இமெத் கோகோ சிகரத்தை விடாதீர்கள். 3,926 மீட்டர், மூன்று பக்கமும் பாதாளம்.

வாலியா_ரசிகன்:
விடுதியையும் சாலையையும் நானும் ஆதரிக்கவில்லை. அவை தப்பு என்பதால் மேய்ச்சல் சரியாகிவிடாது. கெலாடா கூட்டம் உட்கார்ந்தபடியே நகர்ந்து புல் பிடுங்கும் அழகைப் பார்த்தீர்கள் அல்லவா? குரங்கினத்தில் புல்லையே சோறாக்கிக்கொண்டது அது ஒன்றுதான். அதன் தட்டில் கைவைத்தால் அது எங்கே போகும்?

ஏர்க்கால்:
நான் மலையேறுபவன் இல்லை, விவசாயி. தலைமுறை தலைமுறையாக அங்கே உழுதபோதும் ஆடு இருந்ததே? இத்தாலி படையெடுத்த 1930-களில் துப்பாக்கி பெருகித்தான் வேட்டை மிஞ்சியது என்று படித்திருக்கிறேன். பழி மட்டும் ஏர்மேல்.

வாலியா_ரசிகன்:
அப்போது இத்தனை ஜனம் இல்லை அண்ணே. செங்குத்துச் சரிவில் உழுதால் ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கும். எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? உங்களுக்கே தெரியும்.

ஏர்க்கால்:
மண் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஊரையே தூக்குவதா?

மலைக்கிறுக்கன்:
2020 நவம்பரில் பக்கத்து மாநிலமான டிக்ரேயில் போர். 2023 ஆகஸ்டிலிருந்து பூங்கா இருக்கும் அம்ஹாரா மாநிலத்திலேயே சண்டை. பயணிகள் வரத்து படுத்துவிட்டது. வயலை விட்டுவிட்டு, மலையேற வருகிறவர்களை நம்பிக் கழுதை ஓட்டியவர் இப்போது எதைத் தின்பார்? பார்லி இருந்தால் கஞ்சியாவது மிஞ்சியிருக்கும்.

வாலியா_ரசிகன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் போர்க்காலத்தில் ஆட்டுக்கும் காவல் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரி, வாலியாவைப் பார்த்தீர்களா இல்லையா?

மலைக்கிறுக்கன்:
பார்த்தேன், மூன்றாம் நாள் செனெக் முகாமுக்குக் கீழே. ஏழு. பாறையும் ஆடும் ஒரே நிறம், எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. எங்கள் கழுதைக்காரர்தான் கை நீட்டிக் காட்டினார். அவர் கீச்சுக்காரர்.