பி.இ. முடித்தவருக்கு இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட்: அந்த ஒரு பேப்பர் போதுமா?

கொலோன்வாசி:
நேற்று ஒருவர் இங்கே அருள்வாக்கு சொல்லியிருந்தார்: "பி.இ. நாலு வருஷம், ஐரோப்பிய கிரெடிட் கணக்கில் 240 ஈசிடிஎஸ். பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் வேறு படித்திருக்கிறோம். ஜெர்மனியில் இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும், அதுவும் இலவசமாக." மொத்த கிரெடிட்டை யாரய்யா கேட்டார்கள்? பிசினஸ், எகனாமிக்ஸ் பாடங்களில் எத்தனை என்றுதான் பார்ப்பார்கள்.

மெக்_மணி:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். அண்ணா பல்கலை 2017 ரெகுலேஷன், பாட எண் எம்ஜி 8591, 3 கிரெடிட். அது மேனேஜ்மென்ட் பாடமா, இல்லையா?

கொலோன்வாசி:
ஃபயோலின் 14 கொள்கைகளை 13 மார்க்குக்காக முதல் நாள் ராத்திரி உருப்போட்ட பேப்பர்தானே? சரி, கணக்குப் போடுவோம். சுமார் 180 கிரெடிட் டிகிரியை 240 ஆக்கினால் உங்கள் 3, 4 ஆகும். அக்கவுண்டிங், மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் எல்லாம் எங்கே? பல அரசுப் பல்கலைகள் கேட்பது இந்த நாலைப் போல் பல மடங்கு.

மெக்_மணி:
ஆக, நாலு உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

இலக்கியா:
நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். எதற்கு எல்லோரும் ஜெர்மனியையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? பிரிட்டனின் வார்விக் பல்கலையின் எம்எஸ்சி மேனேஜ்மென்ட், பிசினஸ் படிக்காதவர்களுக்கென்றே இருக்கிறது. ஹெச்இசி பாரிஸ் பிசினஸ் ஸ்கூலிலும் எந்தத் துறையினரும் சேரலாம்.

கொலோன்வாசி:
ஃபீஸ் யார் கட்டுவது, உங்கள் ஷேக்ஸ்பியரா? 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகும் பெரும்பாலோர் குடும்பத்தையும் கூட்டிப்போக முடியாது.

இலக்கியா:
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை சார். என் ஃபீஸைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?

மெக்_மணி:
மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையான டியூஎம்-மில் இன்ஜினியரிங், சயன்ஸ் படித்தவர்களுக்கென்றே மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் இருக்கிறதே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

கொலோன்வாசி:
மறைக்கவில்லை. டியூஎம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து சேருகிறவர்களிடம் ஃபீஸ் வாங்குகிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதலே செமஸ்டருக்கு 1,500 யூரோ. உங்கள் 'இலவசம்' எங்கே போயிற்று? நான் இருக்கும் ஊரான கொலோனின் பல்கலை 1988-லேயே ஹெச்இசி, எசாடே, பொக்கோனி ஆகிய பள்ளிகளோடு சேர்ந்து செம்ஸ் என்ற பிசினஸ் ஸ்கூல் கூட்டமைப்பைத் தொடங்கியது. அது நடத்தும் இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸுக்குக்கூட உறுப்புப் பள்ளி ஒன்றில் சேர்ந்த பிறகுதான் போக முடியும். எங்களுக்குத் தெரியாததா?

மெக்_மணி:
1988-ல் அடிக்கல் நாட்டியதே நீங்கள்தான் போலிருக்கிறது. எம்ஜி 8591-க்கு இன்னும் பதில் வரவில்லை.

கொலோன்வாசி:
போன வாரம், ஜெர்மன் விசாவுக்காகச் செலவுப் பணத்தை முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்டுக்கு 11,208 யூரோ போதும் என்று அடித்துப் பேசியதும் இவர்தான், மக்களே. 2024 செப்டம்பரிலிருந்து 11,904. நான் திருத்தியபோது கோபித்துக்கொண்டு போனவர், இப்போது பாட எண்ணோடு திரும்பி வந்திருக்கிறார்.

மெக்_மணி:
696 யூரோ வித்தியாசத்துக்கு ஒரு வாரமாகக் கறுவிக்கொண்டிருக்கிறீர்களா?

புதுசு_22:
அண்ணா, நான் பி.எஸ்சி. தாவரவியல். ஜெர்மனிக்குப் போக நம் படிப்பைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் எனக்கும் கட்டாயமா?

கொலோன்வாசி:
இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், தம்பி. மணியைக் கேட்டால் தாவரவியலிலும் மேனேஜ்மென்ட் இருக்கிறது என்பார்.

இலக்கியா:
தம்பிக்காவது ஒழுங்காகப் பதில் சொன்னீர்களே. என் ஃபீஸ் விவகாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மெக்_மணி:
புதுசு, இன்பாக்ஸ் வாருங்கள். இங்கே கேட்டால் கிரெடிட்டோடு சேர்த்து உங்கள் மானத்தையும் எண்ணுவார்கள்.