பச்சையாக வந்த ஓசிடி சிவப்பானது ஏன்? அப்பாவின் கண் நரம்பு பற்றி ஒரு கேள்வி

உடுமலை மகள்:
அப்பாவுக்கு 61 வயது. 15 வருடமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் உண்டு. நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில் ஷேவ் செய்யும்போது இடது கண்ணில் நுரை பட, அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் மூக்குக்குக் கீழே முகமே இல்லை. வலி இல்லை, உறுத்தல் இல்லை. பார்வை நரம்புக்கு ரத்தம் சரியாகப் போகாததால் வந்த ஏ.ஐ.ஓ.என். என்றார்கள்.

கண்ணின் உள் அடுக்குகளைப் படமெடுத்துத் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனை மூன்று முறை எடுத்தோம். நரம்பிழை அடுக்கின் சராசரி முதல் வாரம் 176 மைக்ரான். ஆறாவது வாரம் 98, எல்லாம் பச்சை. "நார்மலுக்கு வந்துடுச்சு" என்று கவுன்டரில் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். மூன்றாம் மாதம் 61, சிவப்பு. அப்பாவோ அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்கிறார். இடையில் இன்னொரு அடைப்பு வந்ததா? நாங்கள் எதையாவது கவனிக்காமல் விட்டோமா?

இன்னொன்று: ரிப்போர்ட்டில் மேல் பாதிதான் சிவப்பு. அப்பாவுக்குத் தெரியாதது கீழ்ப் பாதி. வேறு யாருடைய ரிப்போர்ட்டாவது மாறி வந்திருக்குமோ?

நெல்லை ஓசிடி அறை:
அக்கா, நான் ஆப்டோமெட்ரிஸ்ட். 11 வருடமாக இந்த மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரிப்போர்ட் மாறவில்லை. கண்ணுக்குள் படம் தலைகீழாக விழும். கீழே இருப்பதைப் பார்ப்பது விழித்திரையின் மேல் பாதி. அப்பா சொல்வதும் மெஷின் சொல்வதும் ஒன்றேதான்.

அந்த 98தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. முதல் வாரம் நரம்பு வீங்கியிருந்தது, அதனால் 176. அப்புறம் இரண்டு வேலை சேர்ந்தே நடக்கிறது: வீக்கம் வடிகிறது, ரத்தம் கிடைக்காத இழைகள் மெலிகின்றன. 176லிருந்து 61க்கு இறங்கும் எண் வழியில் 98ஐத் தொடாமல் போகாது. நீங்கள் ஸ்கேன் எடுத்த நாளில் அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் தடிமனோடு ஒப்பிட்டு மெஷின் நிறம் போடுகிறது. தடிமன் வீக்கத்தால் வந்ததா, உயிருள்ள இழையால் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது ரிப்போர்ட்டோடு மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, பக்கம் ஒன்று இருக்கிறதா பாருங்கள். நடுவில் வளையம் மாதிரி, ஆறு துண்டாகப் பிரித்திருக்கும். அது கேங்லியன் செல் அடுக்கு, நரம்பிழைகள் கிளம்புகிற செல்கள் இருக்கும் இடம். நரம்புத்தட்டு (இழைகள் சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் வட்டம்) மாதிரி அது வீங்குவதில்லை, அதனால் உண்மையை முன்னாடியே சொல்லிவிடும். சில வாரத்திலேயே மெலிவு தெரிய ஆரம்பிக்கும். நரம்பு வீங்கி வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தை எடுக்காமல் நான் அனுப்புவதே இல்லை. மூலையில் சிக்னல் எண்ணையும் பாருங்கள். 10க்கு 6க்குக் கீழே இருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். கண்புரையும் கண் வறட்சியும் அதைக் குறைத்துவிடும்.

இன்னொரு அடைப்பு வந்திருந்தால் பெரும்பாலும் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். அவர் மாற்றமில்லை என்கிறார் அல்லவா? எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் அடுத்த ஃபீல்டு டெஸ்ட்டும் அதையே சொன்னால் இந்த 61 புது நோய் இல்லை, அந்த முதல் காலையின் தழும்பு.

உடுமலை மகள்:
ஓசிடி ஆஞ்சியோ எடுத்தால் ரத்த ஓட்டமே தெரியும் என்கிறார்களே, எடுக்கலாமா?

நெல்லை ஓசிடி அறை:
ஊசியும் சாயமும் இல்லாமல் நுண்குழாய்களைக் காட்டும், நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் மெலிந்துபோன நரம்புக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும். ரத்தம் குறைந்து நரம்பு போனதா, நரம்பு போய் ரத்தம் குறைந்ததா என்று நான்காவது மாதப் படத்தில் பிரிக்க முடியாது. டாக்டர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள்.

அந்தக் காசில் இடது கண்ணைப் பாருங்கள் என்பேன். இப்படி வருகிறவர்களில் பலருக்கு நரம்புத்தட்டு பிறப்பிலேயே சின்னது, நடுவில் குழி இருக்காது. ஒரே வாசலில் எல்லா இழையும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிற மாதிரி. அடுத்த கண்ணிலும் ஐந்து வருடத்துக்குள் 100க்குச் சுமார் 15 பேருக்கு வருகிறது. பிரஷர் மாத்திரையை ராத்திரி போடுகிறாரா? தூக்கத்தில் பிரஷர் ரொம்ப இறங்குவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு அடைபடுவதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். மெல்லும்போது தாடை வலி, தலை சீவும்போது தோல் வலி இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளாதீர்கள். அது ரத்தக்குழாய் அழற்சியால் வரும் வேறு வகை. நம் ஊரில் அபூர்வம், ஆனால் அன்றே ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற அழற்சி காட்டும் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து ஸ்டீராய்டு தொடங்க வேண்டும்.

கரூர் கண்டக்டர்:
தங்கச்சி, எனக்கு 58ல் இதே கண்ணில் இதே பாதி போனது. ஆபரேஷன் உண்டா என்று நான்கு ஊர் அலைந்தேன். அமெரிக்காவில் பெரிதாகச் செய்து பார்த்து 1995லேயே பலனில்லை என்று விட்டுவிட்டார்களாம். சும்மா இருந்தவர்களில் 100க்கு 43 பேருக்கு ஆறு மாதத்தில் சார்ட்டில் மூன்று வரியாவது கூடியதாம். எனக்கு ஒரு வரி கூடியது.

வீட்டுப் படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுங்கள். சாப்பிடும்போது தட்டை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நான் முதல் மாதம் பொரியலைப் பார்க்காமலே எழுந்து போயிருக்கிறேன்.

உடுமலை மகள்:
ஃபைலைப் புரட்டினேன். பாயசம் வைத்த அன்றைய ரிப்போர்ட்டின் பின்னாலேயே அந்த வளையம் இருக்கிறது. மேல் மூன்று துண்டும் சிவப்பு. சராசரி 66. யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை, நானும்தான்.

குறட்டை உண்டு, அம்மா பல வருடமாகப் பக்கத்து அறையில்தான் படுக்கிறார். பிரஷர் மாத்திரையும் ராத்திரிதான். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். மஞ்சள் பெயின்ட் இன்றைக்கே வாங்கிவிட்டேன் அண்ணா.