சென்னையில் வேறு வேலையாகப் போனபோது கண்ணில் பட்டவை

மந்தைவெளிவாசி:

காலை ஐந்து மணி இருக்கும். பால் பாக்கெட் வாங்க இறங்கினேன். தெருமுனையில் கேபிள் ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், இரண்டு மொட்டை மாடிகளுக்கு நடுவே தொங்கும் ஒயர்க் கற்றை மேல் ஒரு மரநாய் நிதானமாக நடந்து போகிறது. உடம்பு நீளத்துக்கு வால், முகத்தில் கறுப்புப் பட்டை. நடுவழியில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தது, அப்புறம் தன் வழியில் போய்விட்டது. பால் கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அதுவா? தெனம் இந்த நேரத்துக்கு வூட்டுக்குத் திரும்பும் சார். அந்தப் பூட்டின வூட்டு ஓட்டுக்குள்ளதான் குடும்பமே இருக்குது" என்றார்.

இத்தனை வருஷமாக அதே தெருவில் குடியிருக்கிறேன். இப்படி ஒரு குடும்பம் எதிர்வீட்டில் இருப்பது எனக்கு மட்டும் தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். சென்னைக்குள்ளேயே எதிர்பாராமல் என்ன பார்த்திருக்கிறீர்கள்? வண்டலூரில் புலி பார்த்த கதை வேண்டாம். கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கவே போனதும் கணக்கில் வராது. பஸ் பிடிக்க, மாவு வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விடப் போன வழியில் பார்த்ததை எழுதுங்கள்.

லஸ் பாட்டி வீடு:

சார், மரநாய்க்குப் பூட்டின வீடெல்லாம் தேவையில்லை. பாட்டி வீட்டுப் பரணில் நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே குடியிருந்தது. இரவு பதினோரு மணிக்கு அடுப்பு அணைந்த வீட்டில் திடீரென்று பாசுமதி அரிசி வெந்த வாசனை வரும். அது வந்துவிட்டது என்று அர்த்தம், அதன் உடம்பு வாசனையே அப்படித்தான். பப்பாளி ஒன்று பழுக்க விடாது. ஆனால் எலியையும் பிடிக்கும் என்பதால் பாட்டி சமாதானமாகப் போய்விட்டார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியபிறகு எங்கே போனதென்று தெரியவில்லை.

கிண்டி அம்மா:

என் பையன் படித்த பள்ளி ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் இருக்கிறது. கேட்டைத் தாண்டினால் ஸ்கூட்டரை இருபதுக்கு மேல் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. எந்த வளைவில் புள்ளிமான் நிற்கும் என்று சொல்ல முடியாது. முதல் நாள் நான்தான் வண்டியை நிறுத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பின்னால் நின்ற ஒரு அப்பா ஹாரன்கூட அடிக்கவில்லை. "புதுசா மேடம்? ஒரு வாரத்துல பழகிடும்" என்றார்.

எனக்குப் பழகவே இல்லை. பையனுக்குத்தான் பழகிவிட்டது. வண்டலூருக்கு அழைத்துப் போனபோது மான் கூண்டின் முன்னால் நின்று, "இதை எதுக்கும்மா அடைச்சு வச்சிருக்காங்க? தப்பு பண்ணுச்சா?" என்று கேட்டான்.

புள்ளிமானை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளிமானைப் பார்த்திருக்கிறீர்களா? கிடாவுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய நீளக் கொம்பு. ஒருநாள் மழை விட்ட காலையில் புல்வெளியில் ஒன்று நின்றிருந்தது. நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பத் துள்ளி ஓடியது. பக்கத்தில் நின்ற வளாக ஊழியர் சொன்னார்: புள்ளிமான் மரத்தடியிலும் விடுதி சைக்கிள் ஸ்டாண்டிலும்கூடப் படுத்துக்கொள்ளும், வெளிமானுக்கு வெட்டவெளிதான் வேண்டும். கட்டடம் வந்தாலும் அதற்கு இடமில்லை, மரம் அடர்ந்தாலும் இடமில்லை. நிறைய மரம் நட்டால் எல்லா உயிருக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது புதுச் செய்தி.

ஐ.ஐ.டி., ஆளுநர் மாளிகை, தேசியப் பூங்கா எல்லாம் மதில் போட்டுப் பிரிப்பதற்கு முன் ஒரே காடு. இன்று பூங்கா என்று மிஞ்சியிருப்பது 2.7 சதுர கிலோமீட்டர் அளவுக்குத்தான். சர்தார் படேல் சாலை டிராஃபிக்கில் நின்று எரிச்சல்படுகிறவர்களில் எத்தனை பேருக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் குள்ளநரி இருப்பது தெரியும்?

பெருங்களத்தூர் ரயில்:

நாங்களும் உள்ளே வரலாமா? எங்களுடையதைச் சென்னை என்று ஒப்புக்கொள்வீர்களோ இல்லையோ, எங்கள் ஊர் முதலையை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நெடுங்குன்றம் பக்கம் சாலையைக் கடந்து போனதே, அதுதான். அன்று கரண்ட் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு, எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி நடந்த விஷயத்தை துபாயிலிருந்து மைத்துனன்தான் போன் பண்ணிச் சொன்னான்.

ஏரியில் முதலை இருப்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்ததுதான். அது சேற்று முதலை, மனிதரைக் கண்டால் ஒதுங்குகிற ஜாதி. அது நம் சாலைக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் பதறினார்கள். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே தண்ணீர் போகிற வழியில் சாலை போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

பெசன்ட் நகர் நான்காவது அவென்யூ:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. அஷ்டலட்சுமி கோயில், மாதா கோயில், அப்புறம் பீச், மிளகாய் பஜ்ஜி. விருந்தாளி வந்தால் எங்கள் வழக்கமான சுற்று இது. மார்ச் மாதம். இருட்டத் தொடங்கிய நேரத்தில் மணலில் கயிறு கட்டிக் கூட்டம் நின்றது. சித்தப்பா, "ஷூட்டிங்கா?" என்று முன்னால் போனார். நடிகர் யாரும் இல்லை. ஒரு கூடையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள்.

உள்ளங்கைக்குள் இரண்டு அடங்கிவிடும். கருஞ்சாம்பல் நிறம். முன் துடுப்பு உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளம். தண்ணீரிலேயே கொண்டுபோய் விடாமல், சில அடி தள்ளி ஈர மணலில் வைத்தார்கள். அவை தாமாக நகர்ந்துதான் கடலுக்குப் போக வேண்டுமாம். முதல் அலை வந்து நான்கைந்தை எடுத்துக்கொண்டது, இரண்டைத் திருப்பிக் கரையில் எறிந்தது. அந்த இரண்டும் குப்புறக் கவிழ்ந்து, நிமிர்ந்து, மறுபடி நடந்தன. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடிக்கொண்டது.

ஒரு குஞ்சு மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. ஒரு தன்னார்வலப் பெண், கல்லூரி மாணவிதான், அதன் எதிரே குனிந்து திருப்பி விட்டாள். மறுபடி எங்கள் பக்கமே வந்தது. அவள் நிமிர்ந்து பின்னால் பார்த்து, "அண்ணா, அந்த லைட்டை ரெண்டு நிமிஷம்!" என்று கத்தினாள். பஜ்ஜிக் கடைக்காரர் பழகினவர்போல, கேள்வி கேட்காமல் பல்பை அணைத்தார். குஞ்சு திரும்பிவிட்டது. இரவில் கரையைவிடக் கடல்தான் வெளிச்சமாக இருக்கும், அதை நம்பித்தான் அவை நடக்கின்றன. நம் தெருவிளக்கு அந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகிறது.

சித்தப்பாவின் பேத்தி, "இதுங்க அம்மா எங்கே?" என்று கேட்டாள். அம்மா ஒன்றரை மாதத்துக்கு முன்னாலேயே முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. நாய் தோண்டிவிடும் என்று இவர்கள் இரவில் கரையோரம் நடந்து, தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துவந்து குஞ்சு பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒரு கூட்டில் நூறுக்கு மேல் இருக்கும். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இந்த நடையை நடக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு நீலாங்கரையிலிருந்து எங்கள் பீச் வரை வருவார்கள். சித்தப்பா ரயிலை மாற்றிவிட்டு அந்த நடைக்கும் போய்வந்தார் என்றால் நம்புவீர்களா? ஆமை ஒன்றும் தட்டுப்படவில்லை. "பரவாயில்லப்பா, கடலோரமா இவ்வளவு தூரம் எப்போ நடந்திருக்கேன்?" என்றார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் காலை நடைக்குப் போனபோது செத்த ஆமை, அடுத்த நாள் இன்னொன்று, அப்புறம் வரிசையாக. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. அந்தப் பருவத்தில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டி நீருக்கடியிலேயே இழுபட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆமை வரும் மாதங்களில் கரையை ஒட்டி இழுவலை போடக்கூடாதென்று விதி இருக்கிறது. விதி இருந்தும்தான் இவ்வளவு. தாய் ஆமைகளை வலையில் விட்டுவிட்டுக் குஞ்சுகளுக்குக் கைதட்டுவதில் எனக்கு அந்த வருஷம் மனம் ஒட்டவில்லை.

மந்தைவெளிவாசி:

நான்காவது அவென்யூ, நீளமானாலும் பரவாயில்லை. அந்த பஜ்ஜிக் கடைக்காரர் யாரென்று தெரிந்தால் அங்கேதான் சாப்பிடுவேன்.

ஓ.எம்.ஆர். எட்டாவது மாடி:

அக்டோபரில் ஒரு காலை. டீ குடிக்க இறங்கினோம். கண்ணாடிக் கதவு ஓரம் செக்யூரிட்டி அண்ணன் தொப்பியை எடுத்து எதையோ மூடி வைத்திருந்தார். "காக்கா கொத்த வந்துச்சும்மா, அதான். இன்னா குருவின்னு தெரியல, சர்க்கஸ்லேர்ந்து ஓடியாந்தது கணக்கா இருக்குது" என்று தொப்பியை லேசாகத் தூக்கினார். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலம், வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, வால் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குட்டை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆறுமணிக்குருவி. எங்கள் குழுவில் ஒரு பையனுக்குப் பறவைப் பித்து, உடனே சொல்லிவிட்டான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் முழுக்க இரவில்தான். விடியும்போது களைத்துப்போய் எங்கே கீழே இறங்குகிறதோ அதுதான் தங்குமிடம். முன்பு அது தோப்பாக இருந்திருக்கும். இப்போது நம் கண்ணாடிக் கட்டடம். கண்ணாடியில் தெரியும் மரத்தை மரமென்று நம்பிப் பறந்து மோதிவிடுகிறது.

ஹெச்.ஆர். பெண் ஒருத்தி வாயில் தண்ணீர் ஊற்றப் போனாள். பையன் தடுத்துவிட்டான், மூச்சுக்குழாயில் போய்விடுமாம். கூரியர் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே வைத்து மூடி, யாரும் வராத சர்வர் ரூம் வராந்தாவில் வைத்தோம். இருட்டும் அமைதியும்தான் மருந்து. அன்று மீட்டிங்கில் ஒருவரும் உருப்படியாகப் பேசவில்லை. சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால் புதர் மண்டிய காலி மனையில் பெட்டியைத் திறந்தோம். குதித்து இறங்கியது, சருகை இரண்டு தடவை புரட்டியது, புதருக்குள் போய்விட்டது. அந்த மனையில் இப்போது அடித்தளம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

திருவான்மியூர் கடைசி தெரு:

2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அலை நீலமாக எரிகிறது என்று வாட்ஸப். வதந்தி என்று நினைத்து, குப்பை கொட்டப் போகிற சாக்கில் கடற்கரைக்குப் போனேன். நிஜம். அலை மடியும் இடத்தில் மட்டும் நீலம் ஓடி அணைகிறது. ஈர மணலில் கால் வைத்தால் விரலைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக ஒளிர்கிறது. நள்ளிரவில் நைட்டியோடு மாமிகள், லுங்கியோடு தாத்தாக்கள், தூக்கத்தில் எழுப்பிக் கொண்டுவந்த குழந்தைகள்.

நாக்டிலூகா என்கிற ஒரு செல் உயிரி, தண்ணீர் அலம்பினால் ஒளிரும். அது இப்படிப் பெருகுவது கடலுக்கு நல்ல அறிகுறி இல்லை என்று மறுநாள் விஞ்ஞானிகள் சொன்னார்கள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்று போகாமல் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். குப்பைப் பையைத் தொட்டியில் போட மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன் என்று மனைவி இன்னமும் சொல்லிக்காட்டுகிறாள்.

ரேடியல் ரோடு பயணி:

திருவான்மியூர் சார், கடற்கரையில் பளபளப்பாக எது ஒதுங்கினாலும் தொட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் பெசன்ட் நகரில் நீல டிராகன் என்கிற சின்னக் கடல் நத்தை ஒதுங்கியது. விரல் அளவுகூட இல்லை, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கொட்டும்.

நம் கதைக்கு வருகிறேன். பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் தினமும் பஸ். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் நடுவேதான் அந்தச் சாலையே போகிறது. தூரத்தில் பெருங்குடிக் குப்பை மேடு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும்தான். ஒருநாள் முன்னால் ஏதோ லாரி பழுதாகி பஸ் அசையவில்லை. சார்ஜும் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வெளியே பார்த்தேன். தண்ணீரில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. கோடு நகர்ந்தது. பூநாரைகள்! தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றை அலசி மேய்கின்றன. கரையோரத்தில் நாணல் நடுவே நீலத் தாழைக்கோழிகள், சிவப்பு நெற்றியோடு.

நடத்துநர் பெண்மணி என் தலைக்கு மேலே குனிந்து பார்த்துவிட்டு, "இந்த வாட்டி லேட்டாத்தான் வந்திருக்குதுங்க. தண்ணி வத்தலயில்ல" என்றார். தண்ணீர் ஆழமாக இருந்தால் பூநாரைக்குக் கால் எட்டாது, வற்றி ஆழம் குறைந்தால்தான் நின்று மேயும். அவருக்கு அது டிப்போ டைம் டேபிள் அளவுக்கு அத்துப்படி.

2022இல் இந்தச் சதுப்பை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், சுமார் 1,250 ஹெக்டேர். ஒருகாலத்தில் இதைப்போலப் பல மடங்கு இருந்ததாம். நான் வேலை செய்கிற கட்டடம் நிற்பதும் அந்தப் பழைய சதுப்பின் மேல்தான் என்று நினைக்கிறேன், மழைக்காலத்தில் பார்க்கிங்கில் மீன் வருகிறது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போகிற பஸ்ஸில் உட்காருங்கள். சதுப்பை நெருங்கும்போது நடத்துநரைக் கேட்டால் எந்தப் பக்கம் என்று கை காட்டுவார்.