கோவில் குழுவாகக் காணிப் பிரச்சினையில் இறங்குவது: எங்கே தொடங்குவது, எது எல்லை?

நந்திக்கடல்காற்று கேட்டது:

முல்லைத்தீவுப் பக்கக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில நீதி சமாதானக் குழு தொடங்கியிருக்கிறம். கையில எடுக்க நினைக்கிறது இரண்டு: படை முகாமுக்குள்ள கிடக்கிற காணிகள், காணாமலாக்கப்பட்டவர்களின்ர மனைவிமாருக்கு இருக்கிற பெர்மிட் (அரச காணி அனுமதிப் பத்திரம்) சிக்கல். மூத்த ஆக்கள் சிலர் "கோவிலுக்குள்ள அரசியல் கொண்டுவராதேங்கோ" எண்டு மறிக்கினம். வேற சிலர் நேரெதிர். வாற தேர்தலில ஆருக்குப் போடுறது எண்டு பாதர் பூசையிலேயே சொல்ல வேணுமாம். விசுவாசத்தின்ர பேரால எவ்வளவு தூரம் போகலாம்? முதல் கடதாசி எங்க எழுதுறது?

பாலிநகர்க்காரன்:

மூத்த ஆட்களை ஒதுக்கிவிட்டுத் தொடங்காதீர்கள். அவர்களோடு இருந்து 1 அரசர் 21ஐ வாசியுங்கள். ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். "என் மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தரமாட்டேன்" என்கிறான் நாபோத்து. பிறகு பொய்ச்சாட்சி, கொலை, காணி பறிப்பு. இறைவாக்கினர் எலியா போய் நிற்பது பலிபீடத்தில் இல்லை, பறித்த காணியிலேயே. இதை அரசியல் என்று ஒதுக்கினால் வேதாகமத்தில் பாதியை ஒதுக்க வேண்டிவரும்.

ஆனால் அந்த வாசகம் குழுவுக்குள்தான். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும் கடிதத்தில் நாபோத்துக்கு வேலையில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்ததை நினைத்துப் பாருங்கள். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தோர் 429,059. ஐ.நா. கணக்குப்படி 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? உணர்ச்சிப் பேச்சென்றால் அடுத்த கிழமை மறந்திருப்பார்கள். இது கழித்தல் கணக்கு, அதுவும் கச்சேரியும் ஐ.நா.வும் வைத்திருந்த எண்களில் போட்டது. அதனால்தான் இன்றைக்கும் நிற்கிறது.

ஆகவே முதல் வேலை குடும்பத்துக்கு ஒரு பைல். காணிக்கு உறுதியா (தனியார் உரிமைப் பத்திரம்), பெர்மிட்டா, அளிப்புப் பத்திரமா (அரசு காணியை வழங்கிய பத்திரம்), ஒன்றுமே இல்லையா என்று பிரியுங்கள். நான்கையும் ஒரே மனுவில் "எங்கள் பூர்வீகக் காணி" என்று குழைத்தால், கடதாசி இல்லாதவரைக் காட்டி உறுதிக்காரரையும் தள்ளிவிடுவார்கள். கடதாசி எரிந்துபோனவர்களுக்குப் பழைய பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூட அனுமதிப் பதிவு எல்லாம் துணைச் சான்று. கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். எந்த ஆண்டில் எந்தக் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று அதில் கிடக்கும், ஆனால் அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்). முகாமுக்கு அனுப்பாதீர்கள், தேசிய பாதுகாப்பு என்று ஒரு வரியில் மறுப்பு வரும். பிரதேச செயலகத்துக்கு அனுப்புங்கள். "ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். இன்ன கிராம அலுவலர் பிரிவில் படையினர் வசமும் வனத் திணைக்களம் வசமும் உள்ள காணிகளின் பரப்பு, துண்டு இலக்கம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலான குழுக்கள் தவறுவது இந்த மேன்முறையீட்டுத் திகதிகளில்தான்.

இன்னொன்று. பைல்கள் பங்குத்தந்தையின் அலுமாரியில் இருக்கக் கூடாது. பாதர்மார் மாறிப் போவார்கள், வேலையும் அவரோடு போய்விடும். ஒரு பிரதி குழுச் செயலாளரிடம், ஒன்று குடும்பத்திடம். மூலப் பிரதியை எந்தக் கந்தோரிலும் கொடுக்க வேண்டாம்.

செட்டிகுளம்_சட்டம்:

தேர்தல் பற்றி மட்டும் சொல்லுறன். பாதர் பூசையில பேர் சொன்னால் சட்டம், திருச்சபை இரண்டுமே பிடிக்கும். 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தின்படி, வழிபாட்டுக் கூட்டத்தில தேர்தல் முடிவைத் திருப்பிற நோக்கத்தோட பேசுறது குற்றம். துண்டுப்பிரசுரம் குடுக்கிறதும் அப்படித்தான். இன்னாருக்குப் போடாட்டிச் சாபம் வரும் எண்டு வெருட்டுறது தகாத செல்வாக்குக்குள்ள வரும். 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பில 285, 287ஆம் விதிகளைப் பாருங்கோ: குருமார் அரச அதிகாரப் பதவி ஏற்கக் கூடாது, கட்சி வேலையில முன்னிற்கவும் கூடாது. பொதுநலனுக்குத் தேவை எண்டு திருச்சபை அதிகாரம் தீர்மானித்தால் மட்டும் கட்சி விடயத்தில விலக்கு. பொதுநிலையினருக்கு இந்தத் தடை இல்லை.

செய்யக் கூடியது: எல்லா வேட்பாளருக்கும் ஒரே ஐந்து கேள்வியை எழுத்தில அனுப்புங்கோ. பொதுநோக்கு மண்டபத்தில கூப்பிட்டு ஒரே அளவு நேரம் குடுங்கோ, பதிலைக் கையெழுத்தோட வாங்குங்கோ. ஒரு கட்சி வராட்டிக் கதிரையை வெறுமையா விடுங்கோ, கூட்டத்தை நிப்பாட்ட வேண்டாம். முல்லைத்தீவு, மன்னார், வவுனியா சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம், ஆறு ஆசனம். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ள. மறைமாவட்டம் இன்னொரு கணக்கு. முல்லைத்தீவு யாழ் மறைமாவட்டம், ஆகவே மன்னார் ஆயருக்கு எழுதிப் பிரயோசனமில்லை.

ஒலுமடு_மெதடிஸ்த:

பெர்மிட் விடயத்துக்கு எண்ணாகமம் 27 வாசியுங்கோ தம்பி. செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் மோசேக்கு முன்னால் வந்து, "எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததினால் அவர் பேர் அற்றுப்போவானேன்" என்று காணி கேட்கிறார்கள். கேட்டது நியாயம் என்று சட்டமே மாறுகிறது. பெண்கள் கூட்டத்தில் பேச வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நடைமுறை: காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெர்மிட்காரர் இறந்தால் கணவருக்கோ மனைவிக்கோ வாழ்நாள் உரிமை உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்குள் காணியில் இறங்கியிருக்க வேணும், இல்லாவிட்டால் பின்னுரிமை தவறும். இடம்பெயர்ந்த பெண்ணுக்கு அது எப்படி ஏலும்? அதனால் இறங்க முடியாமல் போனதற்குச் சான்று இணைக்க வேணும். மெனிக்பாம் (இடம்பெயர்ந்தோர் முகாம்) குடும்ப அட்டை, மீள்குடியேற்றக் கடிதம் இருந்தால் லமினேட் பண்ணாமல் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கோ. லமினேட் பண்ணினால் பின்பக்க முத்திரை சில வேளை மங்கிப்போகும்.

கணவர் காணாமலாக்கப்பட்டவர் என்றால் மரணப் பதிவுக்கு ஒருவரையும் தள்ளாதீர்கள். மரணப் பதிவு எடுக்காமலே, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று பதிவாளர் தரும் சான்றிதழ் 2016 திருத்தத்திலிருந்து இருக்கிறது. சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் உதவிப்பணம் கோரவும் அது போதும், ஆனால் பெயர் மாற்றித் தராது. எதை எடுப்பது என்பது அந்தத் தாயின் முடிவு. நீதி என்ற பெயரில் குழு அதில் கை வைக்கக் கூடாது.

பெர்மிட் ஏற்கெனவே தன் பெயரில் உள்ள பெண்கள் பின்னுரித்தாளரை (தமக்குப் பிறகு காணி பெறுபவரை) இப்போதே பதியட்டும்.

முசலித்தெரு:

மேலே எல்லாம் சரி. ஒரு குறை. நாபோத்தை எங்கட காணிக்கு மட்டும் வாசிக்கிற பழக்கம் எங்களிட்டை இருக்கு. 1990 ஒக்டோபரில் வடக்கில இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனம் மன்னார் முசலிக்குத் திரும்பி வரேக்க அதே வேதாகமம் சில கோவில்களில மூடித்தான் கிடந்தது. விசுவாசம் உந்துது எண்டால் அயலவனுக்கும் உந்த வேணும். 2021 மார்ச்சில கொரோனாவில இறந்த முஸ்லிம் ஆக்களைப் புதைக்க, கத்தோலிக்கச் சனம் இருக்கிற இரணைதீவை அரசாங்கம் தெரிவு செய்தது, தீவுச் சனம் எதிர்த்தது. அந்த இடத்தில சொல்ல வேண்டியது இரண்டு: அதுக்கு முன்னம் அந்த உடல்களைக் கட்டாயமா எரிச்சது அநியாயம், தீவு மக்களைக் கேளாமல் திணிக்கிறதும் அநியாயம். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால் அது மதச்சண்டை மாதிரித்தான் வெளியில தெரியும்.

குழுவில சைவ ஆக்களையும் சேருங்கோ, முகாமுக்குள்ள அவையின்ர காணியும்தானே கிடக்கு. மனுவில கோவில் தலைப்புக் கடதாசி வேண்டாம், ஊர்ப் பேர் போடுங்கோ. மனுவில வேதாகமத்துக்குப் பதிலா அரசியலமைப்பு 12(1), சமத்துவம் எண்டு எழுதுங்கோ.

நந்திக்கடல்காற்று:

நன்றி. அடிப்படை உரிமை வழக்குப் போடுற நிலை வந்தால்? அதோட முகாம்காரர் வாயால "விடுறம்" எண்டு சொன்னால்?

பாலிநகர்க்காரன்:

வாய்ச்சொல்லை அங்கேயே எழுத்தாக்குங்கள். மன்னார் முள்ளிக்குளத்தில் கடற்படை வசமிருந்த காணிக்காக 2017 மார்ச் 23இல் போராட்டம் தொடங்கியது, ஏப்ரல் 29இல் 100 ஏக்கர் விடுவதாகக் கடற்படை ஒத்துக்கொண்டது. இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அன்றைக்கே எந்தத் துண்டு, எந்தத் திகதி, பாதை திறக்குமா, கிணறு எந்தப் பக்கம் என்று பிரதேச செயலாளருக்குக் கடிதம் போட்டு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு நிகழ்ச்சி நிரலிலும் ஏற்றுங்கள். பதிவுத் தபால் துண்டைக் கடிதப் பிரதியில் ஒட்டி வையுங்கள்.

செட்டிகுளம்_சட்டம்:

வழக்குக்கு ஒரு மாதம்தான், உரிமை மீறின நாளிலயிருந்து. அந்த ஒரு மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில இருக்கிற காலத்தைக் கணக்கில எடுக்க மாட்டினம் (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை உண்மையில நடக்குது எண்டதுக்கு உயர்நீதிமன்றம் சான்று கேட்கும். அழைப்புக் கடிதம், விசாரணைத் திகதி எல்லாத்தையும் எடுத்து வையுங்கோ. காணி எடுத்தல் சட்டத்தில 4ஆம் பிரிவு அறிவித்தல் (காணியை அரசு எடுக்கப் போகுது எண்டது) ஒட்டினால் ஆட்சேபத்துக்குக் குறைஞ்சது 14 நாள் தருவினம். கடைசி நாள் அறிவித்தலிலயே இருக்கும். மரத்தில ஒட்டினதைத் திகதி தெரியப் படமெடுத்து வையுங்கோ.