"அன்ரெஸ்ரட்" எண்டு போட்டிருக்கிற பழைய ஐபிஎம் கீபோர்ட், ஏலத்தில எடுக்கலாமோ?

கரடிப்போக்கு எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சியில சின்னக் கொமினிக்கேஷன் ஒண்டு வைச்சிருக்கிறன், போட்டோக்கொப்பி, படிவம் நிரப்பிறது, கலியாணக் காட், அந்தியேட்டிக்குக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எண்டு விடிஞ்சால் பொழுதுபட்டால் பாமினியில தமிழ் அடிக்கிறதுதான் வேலை. இஞ்ச கடையில வாங்கிற 1500 ரூபாக் கீபோர்ட் ஆறு மாசம் தாங்காது, முதல்ல எழுத்து அழியும், பிறகு ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் சரியும், பிறகு ஒரு நாள் கல்வெட்டு அவசரமா அடிக்கேக்க குத்து விழாது, அண்டைக்கே இன்னொண்டு வாங்கோணும்.

சமாதான காலத்தில 2003 இல நான் ரைப்பிங் படிச்ச இடத்தில ஆரோ வெளிநாட்டில இருந்து குடுத்த பழைய ஐபிஎம் கீபோர்ட் ஒண்டு இருந்தது. தூக்கினால் அம்மிக்கல் மாதிரிப் பாரம், அடிச்சால் பக்கத்து வகுப்புக்குக் கேக்கும், ஆனால் கை நோகவே நோகாது. 2008 இல இடம்பெயரேக்க அது அங்கயே விடுபட்டுப் போச்சுது. அதே மாதிரி ஒண்டு இப்ப ஈபேயில அமெரிக்காவில ஒரு ஆள் ஏலத்துக்குப் போட்டிருக்கிறார். மேல இருந்து எடுத்த ஒரே ஒரு படம்தான். "விண்டேஜ், அன்ரெஸ்ரட், ஆஸ் இஸ்" எண்டு எழுதியிருக்கு, அதாவது பழசு, செருகிப் பாக்கேல்ல, இருக்கிற மாதிரியே எடுக்கோணும். இப்ப 41 டொலரில நிக்குது, மூண்டு நாள் இருக்கு. இஞ்ச அனுப்ப 67 டொலர் கேக்குது. ரொறன்ரோவில சித்தியின்ர மகள் இருக்கிறாள், தை மாசம் வாறாள், அவளின்ர அட்ரஸுக்கு எடுப்பிச்சு கொண்டுவரச் சொல்லலாமோ எண்டும் யோசிக்கிறன். ஆரும் உப்பிடி வாங்கின ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ, ஏமாறாமல் இருக்க என்ன பாக்கோணும்?

---

மாங்குளத்தான் எழுதினது:

தம்பி, "அன்ரெஸ்ரட்" எண்டதைக் கண்டு உடன பயப்படவும் தேவையில்ல, நம்பவும் தேவையில்ல. அந்த ஆள் வேற என்ன விக்கிறார் எண்டு போய்ப் பாருங்கோ. பழைய பீங்கான் கோப்பை, பொம்மை, செத்த ஆக்களின்ர வீட்டுச் சாமான் எண்டு விக்கிற ஆள் எண்டால் அவருக்கு உண்மையிலயே செருகிப் பாக்க வழி இல்லாமல் இருக்கும், இப்பத்தைய லப்டொப்பில அந்த வட்டப் பிளக் போகாது தானே. ஆனால் ராம், மதர்போர்ட், பழைய சேர்வர் எண்டு விக்கிற ஆள் கீபோர்டுக்கு மட்டும் அன்ரெஸ்ரட் எண்டு போட்டால் ஆள் செருகிப் பாத்திட்டார், வேலை செய்யேல்லை. நான் அப்பிடியானதுக்குக் கிட்டயும் போறதில்ல.

அடுத்தது பின்பக்கப் படம் கேளுங்கோ. நீங்கள் சொல்லுற அந்தப் பாரமான ஐபிஎம் கீபோர்ட்டுக்கு மொடல் எம் எண்டு பேர், அது எண்டால் அடியில வெள்ளை லேபல் ஒண்டு ஒட்டியிருக்கும், அதில பார்ட் நம்பர், சீரியல், செய்த திகதி மூண்டும் இருக்கும். 1391401 எண்டால் அமெரிக்கன் லேயவுட், நாங்கள் இஞ்ச பாவிக்கிற அதே மாதிரி. 1391406 எண்டால் பிரிட்டிஷ், என்டர் பெரிசா இருக்கும், இடப்பக்க ஷிப்ட் சின்னனாக்கி பக்கத்தில ஒரு மேலதிக கீ இருக்கும், பாமினி அடிச்சுப் பழகின கைக்கு அந்த ஷிப்ட் சரியான கரைச்சல். லேபல் இல்லாத படத்துக்குக் காசு வைக்காதேங்கோ. ஐபிஎம் எண்டு பேர் போட்டு உள்ள ரப்பர் வைச்ச கீபோர்ட்டும் வந்தது, மேல இருந்து பாத்தால் தெரியாது, "மெக்கானிக்கல்" எண்டு தலைப்புப் போட்டு விப்பாங்கள்.

விலைக்கு, இப்ப ஏலத்தில நிக்கிறதைப் பாக்காதேங்கோ. "சோல்ட்" எண்ட பில்டரைப் போட்டால் உண்மையா வித்த விலை தெரியும். ஆசைப்பட்டுக் கேக்கிற விலை வேற, ஒருத்தன் காசு குடுத்து எடுத்த விலை வேற.

---

கரடிப்போக்கு எழுதினது:

முதல்ல நான் தம்பி இல்ல அண்ணை, ரெண்டு பிள்ளையளின்ர தாய் 😄 மற்றது ஆளின்ர பக்கத்தைப் போய்ப் பாத்தன், பீங்கான் கோப்பையும் கிறிஸ்மஸ் சோடினையும் ஒரு தையல் மிசினும்தான் விக்கிறார். படத்துக்கு மெசேஜ் போட்டிருக்கிறன்.

---

நெல்லு_மூட்டை எழுதினது:

ஷிப்பிங்கோட ஒரு கீபோர்டுக்கு முப்பதாயிரமோ? விசரோ உங்களுக்கெல்லாம். அந்தக் காசுக்கு இருவது கீபோர்ட் வாங்கி அடுக்கி வைச்சு ஒவ்வொண்டா எறியலாம்.

---

புளியம்பொக்கணை_கனடா எழுதினது:

நெல்லு மூட்டை அண்ணை சொல்லுறதிலயும் கணக்கு இருக்கு, ஆனால் அக்கா கேட்டது அது இல்லயே.

அக்கா, சொந்தக்கார அட்ரஸ் விசயத்தில நான் பட்டதைச் சொல்லுறன், கேட்டிட்டு முடிவெடுங்கோ. மூண்டு வருசத்துக்கு முதல் முரசுமோட்டையில இருக்கிற மச்சானுக்கு இதே மாதிரி ஒரு மொடல் எம் ஏலத்தில எடுத்துக் குடுத்தனான், என்ர வீட்டுக்கு வந்தது, பெட்டியைத் திறந்து பாத்தன் வடிவாத்தான் இருந்தது, என்னட்டச் செருக இடம் இல்ல, அப்பிடியே கட்டில் கீழ வைச்சிட்டன். நாலு மாசம் கழிச்சு ஊருக்குக் கொண்டுபோய் மச்சான் கடையில செருகினால் வலப்பக்கம் பதினொரு கீ செத்துப்போய்க் கிடக்கு. பேக்ஸ்பேஸ் உட்பட. வித்தவனுக்கு மெசேஜ் போட்டன், பதில் இல்ல. ஈபேயில "சொன்ன மாதிரி இல்ல" எண்டு முறைப்பாடு வைக்கிறதுக்கு சாமான் கைக்கு வந்து 30 நாள்தான். அந்த நாள் எண்ணுப்படுறது என்ர கனடா வீட்டு வாசலுக்கு வந்த நாளில இருந்து, மச்சான் திறந்த நாளில இருந்து இல்ல. இன்னொண்டு, ஒருக்கா டெலிவரி ஆன சாமானை வேற அட்ரஸுக்கு மாத்தி அனுப்பினால் அந்தப் பாதுகாப்பே இல்லாமல் போயிடும், இதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதால உங்கட தங்கச்சியிட்ட கண்டிப்பாச் சொல்லுங்கோ, வந்த அண்டைக்கே செருகி, ஒன்லைனில கீபோர்ட் ரெஸ்ரர் எண்டு தேடினால் வாற பக்கத்தில ஒவ்வொரு கீயையும் அமத்திப் பாக்கோணும், எல்லாம் நிறம் மாறோணும். கடல் தாண்ட முதல் பாத்திட வேணும். அவ செருகிறதுக்கு, வட்டப் பிளக்கை யூஎஸ்பிக்கு மாத்திற கன்வேர்ட்டர் ஒண்டும் அங்கயே வாங்கி வைக்கச் சொல்லுங்கோ. எப்பிடியானது வாங்கிறது எண்டு எனக்கு வடிவாத் தெரியாது, வவுனியா அண்ணை வந்தால் சொல்லுவார்.

---

வவுனியா_ரிப்பேர் எழுதினது:

வந்திட்டன். ரெண்டு நாளா கடையில கரண்ட் இல்ல, இப்பத்தான் பாத்தன்.

கன்வேர்ட்டர் விசயம் முதல்ல. மவுசோட வாற சின்ன ஊதா, பச்சைக் கட்டை இருக்கெல்லோ, அதைப் போட்டு மொடல் எம் வேலை செய்யாது. அதுக்குள்ள வெறும் வயர்தான், கீபோர்டே ரெண்டு மாதிரியும் கதைக்கத் தெரிஞ்சதா இருந்தால் தான் அது உதவும். உள்ள சிப் இருக்கிற அக்டிவ் கன்வேர்ட்டர் வேணும், வயரோட வாறது. அதிலயும் மலிஞ்சது சிலது இந்தப் பழைய கீபோர்ட் இழுக்கிற கரண்டுக்கு நிண்டு பிடிக்காது. பிள்ளை, உங்கட கடையில பழைய டெஸ்க்டொப் இருந்தால் பின்னால வட்ட ஊதா ஓட்டை இருக்கும், நேர செருகலாம், கன்வேர்ட்டரே தேவையில்ல. ஆனால் கொம்பியூட்டரை நிப்பாட்டிப்போட்டுச் செருகோணும், ஓடேக்க செருகினால் போர்ட் எரியலாம்.

பெரிய அஞ்சு முள்ளுப் பிளக் வந்தால் கவனம். 1984 இல வந்த ஐபிஎம் ஏரி (AT) கொம்பியூட்டருக்கும் 1981 இல வந்த முதல் ஐபிஎம் பீசிக்கும் பிளக் பாக்க ஒரே மாதிரி, கதைக்கிற பாசை வேற. ஏரிக்கு வந்ததெண்டால் ஒரு சின்ன அடப்ரர் போதும், முதல் பீசிக்கு வந்த 83 கீ கீபோர்டுக்கு அது சரிவராது. அடையாளம் சுகம், எப் கீ பத்தும் இடப்பக்கம் ரெண்டு வரிசையா நிக்கும், லைற் ஒண்டும் இருக்காது. மேல எப் கீ இருவத்திநாலு இருந்தால் அது ரேர்மினல் கீபோர்ட், மொத்தம் 122 கீ, அதுக்கு வேற கன்வேர்ட்டர் வேணும், உங்களுக்கு வேண்டாத வேலை.

இப்ப முக்கியமானது. பதினொரு கீ செத்த கதை வாசிச்சன். மொடல் எம் உள்ள எப்பிடி எண்டால், ஒவ்வொரு கீக்குக் கீழயும் ஒரு ஸ்பிரிங், அமத்தினால் அது ஒரு கட்டத்தில பக்கவாட்டில மடங்கும், அந்த மடங்கல்தான் சத்தம், மடங்கேக்க கீழ இருக்கிற சின்னத் தட்டு ஆடி பிளாஸ்டிக் தாளில அச்சடிச்ச வயரிங்கை அமத்தும். அந்தத் தாளில தண்ணியோ கோலாவோ போய் வயரிங் அரிச்சால் வரிசையாக் கீ சாகும். தாள் மாத்தலாம், ஆனால் அதுக்குள்ள போக மேல் பிளாஸ்டிக்கையும் அடி இரும்புத் தகட்டையும் பிடிச்சிருக்கிற ரிவெற்றுகளை எல்லாம் வெட்டோணும். பிளாஸ்டிக் ரிவெற். முப்பது வருசத்தில அதுவே தன்ர பாட்டில முறியும், பார்சல்காரன் ஒருக்கா போட்டால் நாலஞ்சு ஒண்டா முறியும். வித்தவரிட்ட ஒரு வீடியோ கேளுங்கோ, கீபோர்டைக் கவிழ்த்துப் பிடிச்சு மெல்ல ஆட்டட்டும். உள்ள கிலுகிலு எண்டு மணல் மாதிரிக் கேட்டால் முறிஞ்ச ரிவெற் தலையள் உருளுது. ரெண்டு மூண்டு எண்டால் பரவாயில்ல. நிறைய எண்டால் துளை போட்டு எம்2 ஸ்குரூவும் நட்டும் போட்டு இறுக்கோணும், நான் ரெண்டு செய்தனான், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும், கூலி கேக்கவே எனக்கு வெக்கம்.

கேஸ் கழட்டிறதுக்கு 5.5 மில்லிமீற்றர் பொக்ஸ் ஸ்பானர், சுவர் மெல்லிசாயும் நீளமாயும் இருக்கிறது வேணும், ஸ்குரூ ஆழத்தில நாலு இருக்கு. சாதாரண பொக்ஸ் ஓட்டைக்குள்ள போகாது, நான் ஒண்டைக் கிரைண்டரில தேய்ச்சு வைச்சிருக்கிறன், வந்தால் தரலாம்.

மஞ்சள் அடிச்சிருந்தால் அதுக்காக விலையைக் குறைச்சுக் கேளுங்கோ, பயப்பிடாதேங்கோ. கேஸைத் தனிய எடுத்து சலூனில தலைமயிர் வெளுக்கிற பெரொக்சைட் கிறீம் பூசி பொலித்தீன் சுத்தி வெயிலில வைக்கிறது. வெளிநாட்டுக்காரன் அதுக்கு லைற் வாங்கிறான், எங்களுக்குப் பங்குனி வெயில் சும்மா கிடைக்குது. அடிக்கடி திருப்பிவிடுங்கோ, இல்லாட்டிப் புள்ளி புள்ளியா வெளுக்கும். கீ மூடியள் பிபிரி பிளாஸ்டிக், எழுத்து சாயமா உள்ள ஊறினது, நீங்கள் எவ்வளவு கல்வெட்டு அடிச்சாலும் அழியாது.

---

மாங்குளத்தான் எழுதினது:

தங்கச்சி, மன்னிக்கோணும் தம்பி எண்டதுக்கு. ஒரு விசயம் மறந்திட்டன். பழைய மொடல் எம்மில விண்டோஸ் கீ இல்ல. தமிழுக்கும் இங்கிலீசுக்கும் மாத்த விண்டோஸும் ஸ்பேஸும் அமத்திற ஆள் எண்டால் முழிப்பீங்கள். இடப்பக்க ஓல்ட்டும் ஷிப்ட்டும் சேர்த்து அமத்த மாறிற மாதிரி செற்றிங்கில போட்டுக்கொள்ளலாம். மற்றது நேர கிளிநொச்சிக்கு அனுப்பிவிக்கிற யோசனை இருந்தால், சுங்கத்தில சாமான் விலைக்கு மட்டும் கணக்குப் பாக்கிறேல்ல, அனுப்பிற காசையும் சேர்த்துத்தான் பாப்பினம், வற் 2024 தை மாசத்தில இருந்து 18 வீதம். 67 டொலர் ஷிப்பிங்குக்கும் வற் கட்டிறது எண்டால் எனக்கு வயிறு எரியும்.

நெல்லு மூட்டை, நீர் டிராக்டருக்குப் பழைய மாசி பெர்குசன்தான் வேணும் எண்டு நிண்டதை நாங்கள் மறக்கேல்ல.

---

நெல்லு_மூட்டை எழுதினது:

அது டிராக்டர்.

---

கரடிப்போக்கு எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. அந்த ஆள் பதில் போட்டார், நல்ல மனுசன், அஞ்சு படமும் ஒரு வீடியோவும். லேபலில 1391401, திகதி 1989. ஆட்டிக் காட்டினார், ரெண்டு மூண்டு "டிக்" கேட்டது, மணல் மாதிரி இல்ல. ஆனால் பின்னால வயர் கொழுவிற ஓட்டை வெறுமையாக் கிடக்கு. வயர் எங்க எண்டு கேட்டன், வீட்டில கிடந்த மாதிரியே எடுத்துப் போட்டது, வயர் கண்டதில்ல எண்டார். வவுனியா அண்ணை, அந்த ஓட்டை ரெலிபோன் பிளக் மாதிரித் தெரியுது, இஞ்ச நெற்வேர்க் கேபிள் வெட்டிச் செய்யலாமோ?

---

வவுனியா_ரிப்பேர் எழுதினது:

இல்லப் பிள்ளை, பாக்க அப்பிடி இருக்கும், அது எஸ்டிஎல் எண்ட வேற பிளக், ஆர்ஜே45 அதுக்குள்ள நிக்காது. வயர் தனிய விக்கினம், ஆனால் அதுக்கு வேற காசும் வேற ஷிப்பிங்கும். உள்ள போர்டில நேர வயரை ஒட்டலாம், நான் செய்து தருவன். ஆனால் வயர் இல்லாட்டி உங்கட தங்கச்சி அங்க செருகிப் பாக்கவும் ஏலாது, அப்ப அந்த 30 நாளும் பிரயோசனமில்ல. அன்ரெஸ்ரட் எண்டு வாங்கி அன்ரெஸ்ரட்டாவே கொண்டுவாறதுதான். அவளின்ர வீட்டுக்கு அனுப்பிற காசையும் கூட்டி, வயரோட வித்த விலையில பாதிக்கு மேல போனால் விட்டிடுங்கோ. மனசில ஒரு தொகை வைச்சு அதை ஒரே தரமாப் போட்டிட்டு எழும்பிப் போங்கோ, மிச்சத்தை ஈபே தானே கொஞ்சம் கொஞ்சமா ஏத்தும். கடைசி நிமிசத்தில பக்கத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தால் கை சும்மா இருக்காது.

புதுசுதான் வேணும் எண்டால் கென்ரக்கியில யூனிகொம்ப் எண்ட கொம்பனி 1996 இல இருந்து இதே ஸ்பிரிங்கில செய்யுது, யூஎஸ்பியோட. விலை கூட, ஆனால் உந்தத் தலையிடி இல்ல.

---

கரடிப்போக்கு எழுதினது:

55 போட்டிட்டு எழும்பிப் போனன். 63 க்கு வேற ஆரோ எடுத்திட்டாங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து பாக்கேல்ல எண்டு பொய் சொல்ல மாட்டன்.

இப்ப ஒன்ராறியோவிலயே ஒரு ஆள் வயரோட ஒண்டு போட்டிருக்கிறார், எல்லா கீயும் அமத்தி வீடியோவும் இருக்கு, ஏலம் இல்ல, நேர விலை. தங்கச்சிக்கு மெசேஜ் போட்டன். சூட்கேஸ் 23 கிலோதான், அதில ரெண்டே கால் கிலோவுக்குக் கிட்ட உந்த இரும்புக்கோ, அப்ப உங்கட பிள்ளையளின்ர சொக்கலேட்டை ஆர் கொண்டுவாறது எண்டு கேக்கிறாள். பிள்ளையளுக்கு இன்னும் சொல்லேல்ல.