இன்கிறிமென்ட், யூனியன், கோர்ட்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ

உப்புவெளிக்காரன்:
நான் தொடங்குகிறேன். அப்பா அரச கந்தோர் ஒன்றில் கிளார்க். சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்று இன்கிறிமென்டை, அதுதான் வருசாவருசச் சம்பள உயர்வை, நிறுத்தினார்கள். வருசம் மாறினாலும் சம்பளத் தொகை மாறாது, கடைக் கொப்பிக் கணக்கு மட்டும் ஏறும். அவர் வயதுக்காரர் கூடினால் கோடீஸ்வரன் வழக்கைத்தான் பேசுவார்கள். செல்லையா கோடீஸ்வரனும் அரச எழுதுவினைஞர், 1962இல் அவருக்கும் இதே காரணம் சொல்லி இன்கிறிமென்ட் மறுத்தார்கள், மனுசன் வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டமே, அப்போதிருந்த சோல்பரி அரசியல் யாப்பில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 29ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பக்கமே போகவில்லை. அரச ஊழியன் சம்பளம் கேட்டு அரசுக்கு எதிராக வழக்கே போட முடியாதாம்! அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்தான் 1969இல் 'போடலாம்' என்றது. மொழிக் கேள்வியை இங்கேயே தீர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது, அது கடைசிவரை தீரவில்லை, 1972 யாப்போடு 29ஆம் பிரிவும் போய்விட்டது. பாதி வெற்றி என்பார் அப்பா. எனக்கு அந்தப் பாதியே பெரிதாகத்தான் தெரிகிறது, வழக்குப் போட வாசலே இல்லாவிட்டால் மிச்சத்தைப் பேசி என்ன பயன்?

சீனக்குடாப் பொடியன்:
அண்ணை, நாங்கள் தனியார் கம்பனி. யூனியன் பதிய ஏழு பேர் போதும் என்று கேள்விப்பட்டு ஆள் சேர்த்தோம். அடுத்த கொன்ட்ராக்டோடு ஒரு தாள் வந்தது: 'எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன்'. கீழே ஒப்பத்துக்குப் புள்ளிக்கோடு. லேபர் ஒபிஸில் காட்டினோம். அங்கிருந்த ஐயா வாசித்துவிட்டுச் சிரித்தார். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த 1999இன் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி, சங்கத்தில் சேர் என்றோ சேராதே என்றோ வேலைக்கு நிபந்தனை போடவே கூடாதாம், சேர்ந்ததற்காக நிறுத்தவும் கூடாதாம். தாளைக் கம்பனி வாபஸ் வாங்கியது. அப்புறம்தான் விளையாட்டு. முன்னுக்கு நின்ற மூன்று பேருக்கு மட்டும் கொன்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டால் 'காலம் முடிந்தது'. அதை எப்படி நிரூபிக்கிறது? கம்பனி யூனியனோடு பேச்சுக்கு வந்தே ஆகவேண்டும் என்றால் தொழிலாளரில் 40 வீதம் பேர் அங்கத்தவராக இருக்க வேண்டும், இப்போது யார் சேருவார்கள்?

மூதூர் நானா:
தம்பி, அந்த மூன்று பேரையும் எப்போது நிறுத்தினார்கள்? வேலை நீக்க வழக்குகளைக் கேட்கிற தொழில் நியாய சபைக்கு, நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதை முதலில் பாருங்கோ. வருசக்கணக்காகப் புதுப்பித்து வந்த கொன்ட்ராக்ட் என்றால் வாதாட இடமிருக்கிறது, பழைய கொன்ட்ராக்ட் எல்லாவற்றையும் தேடி எடுக்கச் சொல்லுங்கோ. அந்தத் தாளின் கொப்பி கையில் இருக்கா?

சீனக்குடாப் பொடியன்:
போனில் படம் இருக்கு நானா.

மூதூர் நானா:
சரி, இன்றைக்கே பிரின்ட் எடுங்கோ.